மழைக் காளான்களை இனம் காண்பது எப்படி?

ஆடி, ஆவணி மாதங்களில் மாலை நேர இடிமழை பெய்து ஓய்ந்த மறுநாளும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை விட்டு வெயில் தலைகாட்டும் நாள்களிலும் வரப்போரம், புற்றுமேடு, வைக்கோல் போர், எருக்குழி ஆகிய இடங்களில் காளான்கள் முளைப்பதைக் காணலாம். இவற்றைப் பறித்துக் குழம்பு வைத்து உண்பது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நல்ல காளான் புரதம் நிறைந்த சுவையான உணவு. ஆனால் அதே வரப்பில், அதே மழையில், அதே வெள்ளை நிறத்தில் நச்சுக் காளானும் முளைக்கிறது.

அசாம் மாநிலத்தின் மேற்பகுதி மாவட்டங்களில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், காட்டுக் காளானைச் சமைத்து உண்டவர்களில் 13 பேர் சில நாள்களுக்குள் உயிரிழந்தனர். இவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வழக்கமாகப் பறித்து உண்போரும் தவறிவிடக் கூடும் என்பதற்கு இதுவே சான்று.

வடசென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று நீளும் இந்தப் பகுதியிலும், இதை அடுத்து நெல் விளையும் மீஞ்சூர், பொன்னேரிப் பகுதியிலும், காளான் எந்த இனம் என்று அறிந்தால் மட்டும் போதாது. அது எந்த மண்ணில் முளைத்தது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

காளானின் உறுப்புகள்

காளான் என்பது பூசணத்தின் கனி போன்றது. பூசணத்தின் உடல் நூலிழைகளாக மண்ணுக்குள்ளும் மட்கிய பொருள்களுக்குள்ளும் பரவிக் கிடக்கும். போதிய ஈரமும் வெப்பமும் கிடைத்தவுடன் அது குடையாக வெளியே வருகிறது. இடி இடிப்பதால் காளான் முளைப்பதில்லை. இடியோடு வரும் மழையின் ஈரமே அதற்குக் காரணம்.

இனம் காண ஐந்து உறுப்புகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது குடை. அதன் அகலம், நிறம், மேலே செதில்கள் உண்டா, நடுவில் முனை போன்ற கூர் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குடையின் அடியில் உள்ள தகடுகள். இவை காம்பைத் தொடுகின்றனவா, தொடாமல் விலகி நிற்கின்றனவா என்பது முக்கியம். இளங் காளானில் ஒரு நிறமும் முதிர்ந்த காளானில் வேறு நிறமும் இருக்கக் கூடும்.

மூன்றாவது, காம்பின் மேற்பகுதியில் மோதிரம் போன்ற வளையம் இருக்கிறதா என்பது.

நான்காவது, காம்பின் அடிப்பகுதி. சில காளான்கள் முட்டை ஓட்டிலிருந்து குஞ்சு வெளிவருவதுபோல் ஓர் உறையைக் கிழித்துக் கொண்டு வரும். கிழிந்த உறை காம்பின் அடியில் கிண்ணம்போல் தங்கிவிடும். இது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். காளானைக் கத்தியால் அறுத்தோ, கையால் கிள்ளியோ எடுத்தால் இந்தக் கிண்ணம் மண்ணோடு நின்றுவிடும். கொடிய நச்சுக் காளான்களைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் இதுவே. ஆகவே இனம் காணும் பொருட்டு எடுக்கும்போது, சிறு கொத்தியால் அடிமண்ணோடு முழுமையாகப் பெயர்த்து எடுக்க வேண்டும்.

ஐந்தாவது சிதல்.

சிதல் பதிவு எடுக்கும் முறை

தகடுகளிலிருந்து உதிரும் மிக நுண்ணிய தூளே சிதல். பயிருக்கு விதை எப்படியோ, காளானுக்குச் சிதல் அப்படி. குடையின் நிறம் வெயிலாலும் மழையாலும் மாறும். சிதலின் நிறம் மாறாது. இதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை.

நன்கு விரிந்த ஒரு காளானின் காம்பை நீக்கிவிட்டு, குடையைத் தகடுகள் கீழே இருக்கும்படி ஒரு தாளின் மேல் வைக்க வேண்டும். தாளின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி கறுப்பாகவும் இருந்தால் எந்த நிறச் சிதலும் தெரியும். காற்றுப் படாமல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி, இரவு முழுவதும் விட்டு வைக்க வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால், தகடுகளின் அச்சு தாளில் கோலமாவு உதிர்ந்தாற்போல் படிந்திருக்கும்.

வைக்கோல் காளானில் இது பழுப்புக் கலந்த இளஞ்சிவப்பு. புற்றுக் காளானில் மங்கலான இளஞ்சிவப்பு. பால் காளானில் வெள்ளை. மொட்டுக் காளான் இனத்தில் கரும்பழுப்பு. சாணக் காளான்களில் பெரும்பாலும் கறுப்பு. மங்கலான பச்சை நிறத்தில் படிந்தால் அது நச்சுக் காளான் என்று உடனே ஒதுக்கிவிட வேண்டும்.

ஆனால் சிதலின் நிறம் ஒன்றை மட்டும் வைத்து உண்ணத் தக்கது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நல்ல பால் காளானுக்கும் வெள்ளைச் சிதல்தான். உயிரைக் குடிக்கும் அமானிடா, லெப்பியோட்டா வகைகளுக்கும் வெள்ளைச் சிதல்தான். எல்லா அடையாளங்களும் ஒத்து வந்தால்தான் இனம் உறுதியாகும்.

இடம் பார்த்து இனம் அறிதல்

ஒவ்வொரு காளானும் தனக்கேற்ற இடத்தில்தான் முளைக்கும். ஆகவே இடமும் ஓர் அடையாளமே.

கரையான் புற்று: புற்றுக் காளான் என்பது டெர்மிட்டோமைசிஸ் என்னும் இனம். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942ல் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு வகைக்கு, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் நடராஜன் 1979ல் அவர் பெயரையே சூட்டினார். கரையான்கள் புற்றுக்குள் தேன்கூடு போன்ற அடைகளைக் கட்டி, அவற்றில் இந்தப் பூசணத்தைப் பயிர் செய்து உண்கின்றன. மழைக்குப் பின் அந்த அடையிலிருந்தே காளான் மேலே வருகிறது. குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். காம்பு மண்ணுக்குள் வேர்போல் நீண்டு அடைவரை செல்லும். மெதுவாகத் தோண்டிப் பார்த்தால் இந்த நீண்ட வேர் தெரியும். இதுவே புற்றுக் காளானின் தலையாய அடையாளம். அடியில் கிண்ணம் இராது. புற்றின் துளைக்குள் கையை விடுவது ஆபத்து. பாம்பு இருக்கக் கூடும்.

இதே இனத்தில் விரல் நுனி அளவே உள்ள ஒரு சிறு வகையும் உண்டு. கரையான்கள் வெளியே கொண்டுவந்து கொட்டும் பழைய அடைத் துகள்களின் மேல் இது நூற்றுக் கணக்கில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். சிறிய வெள்ளைக் காளான்களில் நச்சுள்ளவை பல இருப்பதால், இந்த வகையில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வைக்கோல் போர்: மழையில் நனைந்து மட்கும் போரின் அடியில் வைக்கோல் காளான் தானே முளைக்கும். இந்தியாவில் இதைப் பயிர் செய்யும் முறையை 1940களின் தொடக்கத்தில் கோயமுத்தூரில்தான் தாமஸ் முதலிய அறிஞர்கள் வகுத்தனர். இளம் பருவத்தில் முட்டை வடிவில் சாம்பல் நிறமாக இருக்கும். விரிந்தபின் அடியில் கிண்ணம் இருக்கும். காம்பில் வளையம் இராது. தகடுகள் இளஞ்சிவப்பாக மாறும்.

அமானிடா என்னும் கொடிய இனத்துக்கும் அடியில் கிண்ணம் உண்டு. ஆனால் அதற்குப் பெரும்பாலும் காம்பில் வளையம் இருக்கும். தகடுகளும் சிதலும் வெள்ளையாகவே இருக்கும். அது வைக்கோலில் அல்லாமல் மரங்களை அடுத்த மண்ணில் முளைக்கும். முட்டைப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள், தங்கள் ஊரில் உண்ட வைக்கோல் காளான் என்று எண்ணி அமானிடாவைப் பறித்து உண்டு இறந்தது உண்டு. அமானிடா வகைகள் மலைக் காடுகளில் மிகுதி என்றாலும், சமவெளியில் இல்லவே இல்லை என்று இருந்துவிடக் கூடாது. மண்ணில் முளைத்த எந்த முட்டைக் காளானையும் எடுக்காதிருப்பதே நலம்.

புல்வெளி: மழைக்காலத்தில் மேய்ச்சல் நிலம், பள்ளி மைதானம், தொழிற்சாலைகளின் புல்தரை ஆகியவற்றில் வட்டமாக வரிசை கட்டி நிற்கும் பெரிய வெள்ளைக் குடைகளைக் காணலாம். குடையின் நடுவில் பழுப்புச் செதில்களும், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக் கூடிய வளையமும் இருந்தால் அது குளோரோபில்லம் என்னும் நச்சுக் காளானாக இருக்கக் கூடும். குடை ஒரு சாண் அகலம்வரை விரியும். பார்ப்பதற்கு அழகாகவும் சதைப்பற்றோடும் இருப்பதால் ஆசையைத் தூண்டும். இளம் பருவத்தில் தகடுகள் வெள்ளையாக இருந்து, முதிர்ந்தபின் பச்சை சாயும். ஆகவே இளங் காளானைப் பார்த்து ஏமாறுவோர் பலர். உலகின் வெப்ப நாடுகளில் காளான் நச்சால் வாந்தி பேதிக்கு ஆளாவோரில் மிகப் பலர் உண்டது இதைத்தான். சிதல் பதிவு பச்சையாக விழுவது இதன் உறுதியான அடையாளம்.

மர நிழலும் தோப்பும்: மட்கு நிறைந்த மண்ணில் கொத்தாக முளைக்கும் பால் காளான் உருண்டு திரண்ட காம்புடன் முழுதும் பால் வெள்ளையாக இருக்கும். வளையமும் இல்லை, கிண்ணமும் இல்லை. மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்த இனம் 1974ல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது.

சவுக்குத் தோப்பு: எண்ணூருக்கு வடக்கே கடலோர மணற்பாங்கில் உள்ள சவுக்குத் தோப்புகளில் மழைக்குப் பின் உருளைக் கிழங்கு போன்ற பந்துக் காளான்கள் தோன்றக் கூடும். நல்ல பந்துக் காளானை நெடுக்கே இரண்டாக அறுத்தால், உள்ளே பன்னீர்க் கட்டி போல் ஒரே வெண்மையாக இருக்கும். உள்ளே கருஊதாவாக இருந்தால் அது உண்ணத் தகாத மண்பந்துக் காளான். அறுத்த பரப்பில் சிறு குடையும் தகடும் வரைந்தாற்போல் தெரிந்தால், அது பந்துக் காளானே அன்று. முட்டைப் பருவத்திலுள்ள வேறொரு காளான். உடனே எறிந்துவிட வேண்டும்.

சாணமும் எருக்குழியும்: எருவில் முளைத்து, சில மணி நேரத்தில் மை போல் கறுத்துக் கரைந்து வழிபவை மைக் காளான்கள். சாணத்தின் மேல் மெல்லிய காம்புடன் மணி வடிவில் நிற்கும் சில வகைகள், கசக்கினால் நீலமாக மாறும். இவை புத்தியைக் கலக்கும் நச்சு உடையவை. சாணத்தில் முளைத்த எதையும் உணவுக்கு எடுக்க வேண்டியதில்லை.

பூந்தொட்டி, குப்பைக் குவியல்: தொட்டிகளில் முளைக்கும் எலுமிச்சை மஞ்சள் நிறச் சிறு குடையும் உண்ணத் தகாதது. செதில் உடைய சிறு குடைகளான லெப்பியோட்டா வகைகளில் சில, அமானிடாவுக்கு இணையாக ஈரலை அழிப்பவை. உள்ளங்கையைவிடச் சிறிய செதில் குடைகள் அனைத்தையும் விலக்கிவிடுவது ஒரு நல்ல விதி.

தவறான நம்பிக்கைகள்

நச்சுக் காளானைச் சமையலறையில் கண்டுபிடித்துவிடலாம் என்று பல நம்பிக்கைகள் வழங்குகின்றன. வெள்ளிக் காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், சோறு சிவக்கும் என்பார்கள். இவை எதுவும் உண்மை அல்ல. ஈரலைத் தாக்கும் நச்சு வெள்ளியையும் மாற்றாது, பூண்டையும் மாற்றாது.

புழுவும் நத்தையும் தின்றிருந்தால் மனிதரும் உண்ணலாம் என்பதும் தவறு. அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு. வெள்ளையாக இருந்தால் நல்லது, வண்ணமாக இருந்தால் நச்சு என்பதும் தவறு. மிகக் கொடிய காளான்கள் சில தூய வெள்ளை நிறத்தவை. நச்சு என்றால் கசக்கும் என்பதும் தவறு. அமானிடாவை உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாகவே இருந்தது என்று கூறியுள்ளனர். கொதிக்க வைத்தாலும், நீரை வடித்தாலும், வெயிலில் உலர்த்தினாலும் அமானிடாவின் நச்சு நீங்குவதில்லை.

ஆலைப் பகுதியில் கவனிக்க வேண்டியது

காளான்கள் மண்ணிலுள்ள காட்மியம், பாதரசம், ஈயம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்து வைக்கும் தன்மை உடையவை. சில இனங்களில் இந்த உலோகங்கள் மண்ணில் உள்ளதைவிடப் பல மடங்கு மிகுந்திருக்கும். நல்ல இனமே ஆனாலும், கெட்ட மண்ணில் முளைத்தால் அது கெட்ட உணவாகிவிடுகிறது. கழுவுவதாலோ வேக வைப்பதாலோ உலோகம் போய்விடாது. ஒரு வேளை உண்டால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் உண்டால் சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்படும்; குழந்தைகளுக்கு இது மேலும் தீங்கு.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970ல் தொடங்கி 2017வரை நிலக்கரியை எரித்தது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டியே இருக்கிறது. சாம்பல் கலந்த நீர் கொசத்தலை ஆற்றுப் பகுதியில் கசிந்து படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம் ஆகியவை சிறு அளவில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவிக் கரைகளில் படிந்தது.

ஆகவே இந்த வட்டாரத்தில் பின்வரும் இடங்களில் முளைத்த காளானை, அது எந்த இனமாக இருந்தாலும், எடுக்கக் கூடாது:

சாம்பல் குளங்களின் கரை, சாம்பல் கொட்டிய மேடு, சாம்பல் கொண்டு நிரப்பிய மனை.

ஆலைச் சுவரோரம், கழிவுநீர்க் கால்வாய்க் கரை, எண்ணெய் படிந்த ஆற்றங்கரை.

சரக்கு லாரிகள் ஓயாமல் செல்லும் சாலையோரம், இருப்புப் பாதையோரம், குப்பை மேடு.

துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் கிடக்கும் பழைய கட்டைகளும் சரக்குப் பலகைகளும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரத்தில் தாமிரமும் ஆர்செனிக்கும் இருக்கக் கூடும்.

களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அண்மையில் தெளித்த வயல் வரப்பிலும் எடுக்க வேண்டாம்.

நச்சுக் குறி தோன்றினால்

காளான் உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் கண்டால், அது பெரும்பாலும் குடலைத் தாக்கும் வகை. துன்பம் மிகுதியாக இருந்தாலும், தக்க சிகிச்சையில் பெரும்பாலோர் தேறிவிடுவர். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உடலின் நீர் வற்றி ஆபத்து நேரலாம்.

ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது இரவு உண்டு விடியற்காலையில் வாந்தியும் பேதியும் தொடங்கினால் அதுவே பெரிய அபாயக் குறி. ஈரலை அழிக்கும் நச்சு இப்படித்தான் தாமதமாகத் தலைகாட்டும். மறுநாள் வாந்தி நின்று உடல் தேறியது போல் தோன்றும். இதை நம்பி வீட்டிலேயே தங்கிவிடுவோர்தான் உயிரிழக்கின்றனர். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே அழிந்து கொண்டிருக்கும். பின்னர் மஞ்சள் காமாலையும் மயக்கமும் வரும்.

ஆகவே நேரம் எதுவாயினும் நாட்டு மருந்து பார்த்துக் காலம் கடத்தாமல் 108 ஊர்தியை அழைத்து, ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மிஞ்சிய காளான், குழம்பு, வாந்தி ஆகியவற்றை ஒரு பாத்திரத்தில் எடுத்துச் சென்றால் இனம் கண்டு சிகிச்சை அளிக்க உதவும். எப்போது உண்டது, எப்போது வாந்தி தொடங்கியது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட உண்ட அனைவரும், நோய்க்குறி இல்லாவிட்டாலும், உடன் செல்ல வேண்டும்.

வீட்டிலேயே வளர்க்கலாம்

காளான் மீது விருப்பம் உள்ளவர்கள் வரப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டு வைக்கோலிலேயே பயிர் செய்து கொள்ளலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் 1998ல் ஏபிகே 2 என்னும் பால் காளான் ரகத்தை வெளியிட்டது. இது 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்கு வளர்வதால் சென்னைக் கடலோரத்துக்கு ஏற்றது. குளிர்ச்சியான மாதங்களில் சிப்பிக் காளானும் வளர்க்கலாம்.

வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊற வைத்து, வேக வைத்து, ஈரம் வடிந்தபின் பாலித்தீன் பைகளில் அடுக்கடுக்காக வித்து இட்டு நிரப்ப வேண்டும். பால் காளானுக்குப் பூசணம் பரவியபின் பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே வேக வைத்த மண்ணைப் பரப்ப வேண்டும். கீற்றுக் கொட்டகையும் ஈரமும் இருந்தால் போதும். சுமார் 45 நாள்களில் ஒரு பயிர் முடிந்துவிடும். வைக்கோல் வாங்கும்போது, சாம்பலோ எண்ணெய்க் கழிவோ படியாத வயலின் வைக்கோலா என்று விசாரித்து வாங்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூரில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகிக் காளான் வளர்ப்பு பற்றிய ஆலோசனை பெறலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: அடியோடு பெயர்த்துப் பார்க்க வேண்டும். நெடுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். ஓர் இரவு பொறுத்துச் சிதல் பதிவு எடுக்க வேண்டும். முளைத்த மண்ணைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றில் ஐயம் எழுந்தாலும் அந்தக் காளானை விட்டுவிட வேண்டும். பாதுகாப்பாகக் காளான் குழம்பு வேண்டும் குடும்பத்துக்குக் கொட்டகையில் வளர்த்த காளானே நம்பகமானது.